பழ ஈக்களின் பயனுறு குடித்தொகை: ஓர் எண்ணைத் தேடிய வரலாறு

குடிமதிப்பு அறிக்கை ஒன்றை ஆதாரமாகக் கொள்ளும் வரலாற்று மாணவன் அதிலுள்ள எண்களை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எண்ணியவர் யார், எத்தேவைக்காக எண்ணினர், எவரை எண்ணாது விட்டனர் என்ற வினாக்களை எழுப்பிய பின்னரே அவற்றைக் கையாள முற்படுகின்றான். இறை செலுத்துவோரை எண்ணிய தொகையும் ஊரிலுள்ள தலைகளை எண்ணிய தொகையும் தம்முள் வேறுபடும். ஆயின் இரண்டுமே உண்மையாயிருத்தல் கூடும். இயற்கை விஞ்ஞானங்கள் தரும் எண்களுக்கு இத்தகைய விசாரணை வேண்டியதில்லை என்றதொரு கருத்து கலைத்துறை சார்ந்தோரிடையே பரவலாக உண்டு. அக்கருத்தை மீளாய்வு செய்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் கூர்ப்பியல் வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். காட்டிலும் தோட்டத்திலும் வாழும் பழ ஈக்களின் 'பயனுறு குடித்தொகை' எவ்வளவு என்னும் வினாவே அவ்வுதாரணமாகும்.

இவ்வினாவுக்கு ஆயிரக்கணக்கு என்றும், ஒரு மில்லியன் என்றும், நூறு மில்லியனுக்கும் மேல் என்றும் வெவ்வேறு காலங்களில் விடைகள் அளிக்கப்பட்டுள்ளன. இவ்விடைகளுட் பெரும்பாலானவை தத்தம் அளவில் பிழையற்றவை. அவை ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடப்பரப்பையும் காலநீட்சியையும் அளந்தமையேயாகும். இவ்வுண்மை தெளிவுபட ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன.

எண்ணக்கருவின் தோற்றம்

கூர்ப்பு நிகழ்வதில் தற்செயலுக்கு உரிய பங்கு யாது என்பதே இவ்விடயத்தின் அடிப்படைப் பிரச்சினையாகும். ஒரு தலைமுறையிலுள்ள பரம்பரையலகுகள் யாவும் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. எவை செல்கின்றன என்பது ஓரளவுக்கு இயற்கைத் தேர்வாலும் ஓரளவுக்கு வெறும் எழுமாற்றாலும் தீர்மானிக்கப்படுகின்றது. சிறிய குடித்தொகையில் எழுமாற்றின் வலு மிகுதி. பெரிய குடித்தொகையில் அது குறைவு. எழுமாற்றால் பரம்பரையலகுகளின் வீதம் தலைமுறைக்குத் தலைமுறை அசைவதையே பிறப்புரிமை நகர்வு என்பர்.

1930ஆம் ஆண்டில் இயற்கைத் தேர்வு பற்றிய தமது நூலை வெளியிட்ட இங்கிலாந்தின் றொனால்ட் பிஷர், உயிரினங்களின் குடித்தொகைகள் பொதுவாக மிகப் பெரியவை எனவும், ஆதலால் நகர்வு முக்கியமற்றது எனவும் கொண்டார். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சுவல் றைற், மெண்டலிய குடித்தொகைகளின் கூர்ப்பு பற்றிய நீண்ட கட்டுரையில் வேறொரு நிலைப்பாட்டை எடுத்தார். இனங்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வாழ்கின்றன. அக்குழுக்களில் நகர்வும் தேர்வும் இணைந்தே செயற்படுகின்றன என்பது அவரது வாதம். இவ்வாதத்துக்குத் தேவைப்பட்ட கருவியாகவே பயனுறு குடித்தொகை என்னும் எண்ணக்கருவை அவர் வகுத்தார்.

தலைகளின் எண்ணிக்கை நகர்வின் வலுவைக் காட்டாது என்பதை றைற் உணர்ந்திருந்தார். பத்து ஆண்களும் தொண்ணூறு பெண்களும் இனம்பெருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோமாயின், அடுத்த தலைமுறையின் பரம்பரையலகுகளில் அரைப்பங்கு அப்பத்து ஆண்களிடமிருந்தே வரவேண்டும். றைற்றின் சூத்திரத்தின்படி இக்கூட்டத்தின் பயனுறு தொகை 100 அன்று, 36 மட்டுமே. பருவந்தோறும் பெருகிச் சுருங்கும் கூட்டத்தின் நிலை இன்னும் கடுமையானது. நான்கு தலைமுறைகளில் 100,000 ஆகவும் ஐந்தாவதில் 100 ஆகவும் இருந்த கூட்டம் ஒன்றின் பயனுறு தொகை, அவற்றின் இசைச் சராசரிப்படி, ஏறத்தாழ 500 ஆகும். மழையிலும் பழப்பருவத்திலும் பெருகி, குளிரிலும் வரட்சியிலும் அழியும் ஈக்களுக்கு இக்கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத்திலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டில் பீற்றர் பூரி, ஒவ்வொன்றிலும் எட்டு ஆணும் எட்டுப் பெண்ணும் கொண்ட 107 ஈக்கூட்டங்களைப் பத்தொன்பது தலைமுறைகள் வளர்த்து வெளியிட்ட முடிவுகளில், பயனுறு தொகை பதினாறிலும் கணிசமாகக் குறைந்தே காணப்பட்டது.

மொஸ்கோவிலிருந்து கலிபோணியாவுக்கு

காட்டு ஈக்களைப் பிறப்புரிமையியல் நோக்கில் ஆராயும் மரபு அமெரிக்காவில் தோன்றியதன்று. மொஸ்கோவில் பணியாற்றிய சேர்ஜி செட்வெரிகொவ், 1925ஆம் ஆண்டில் கருங்கடற் கரையோரமான கெலென்ட்சிக்கிற் பிடிக்கப்பட்ட 239 பெண் ஈக்களின் வழித்தோன்றல்களை ஆராய்ந்து, புறத்தே ஒரேமாதிரியாகத் தோன்றும் ஈக்களுள் ஏராளமான பின்னிடைவான விகாரங்கள் மறைந்துள்ளன எனக் காட்டினார். 1932ஆம் ஆண்டில் டுபினினும் றொமாஷொவும் றைற்றைச் சாராமலே நகர்வுக் கோட்பாட்டை ஒத்த கருத்தை முன்வைத்தனர்.

ஆனால் அம்மரபு தன் மண்ணில் நிலைக்கவில்லை. செட்வெரிகொவ் 1929ஆம் ஆண்டில் கைதுசெய்யப்பட்டு மொஸ்கோவிலிருந்து அகற்றப்பட்டார். 1948ஆம் ஆண்டில் லைசென்கோவின் கொள்கை அரச அங்கீகாரம் பெற்றதோடு சோவியத் பிறப்புரிமையியலே முடங்கியது. செட்வெரிகொவின் வட்டத்திலிருந்து 1925ஆம் ஆண்டில் பேர்லின் சென்ற திமோபியேவ் றெசோவ்ஸ்கி, திறந்தவெளியில் ஈக்களை விடுவித்து அவற்றின் பரவலை ஆராய்ந்து 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்தாண்டுகளின் பின் சோவியத் படையினரால் கைதாகிச் சிறைமுகாமை அடைந்தார். விஞ்ஞானத்தின் போக்கை அரசியல் எவ்வாறு திசைதிருப்புகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1900ஆம் ஆண்டில் உக்ரேனிற் பிறந்த தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி, 1927ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று மோர்கனின் ஆய்வுகூடத்தில் இணைந்தார். ரஷ்யக் கள மரபும் அமெரிக்க நிறமூர்த்த ஆய்வும் அவரிடத்தே சந்தித்தன. 1938ஆம் ஆண்டு முதல் 'இயற்கைக் குடித்தொகைகளின் பிறப்புரிமையியல்' என்ற பொதுத்தலைப்பில் அவர் வெளியிடத் தொடங்கிய கட்டுரைத் தொடர், அவர் மறைந்த 1975ஆம் ஆண்டின் பின்னரே நாற்பத்து மூன்றாவது கட்டுரையோடு முடிவுற்றது. மேற்கு அமெரிக்காவின் மலைக்காடுகளில் வாழும் துரோசோபிலா சூடோஒப்ஸ்கியூரா என்னும் ஈயே அவரது முதன்மையான ஆய்வுப்பொருளாகும். கணிதத்துக்கு அவர் றைற்றையே நாடினார். றைற்றின் கணிதப்பகுதிகளைத் தம்மாற் பின்தொடர முடிவதில்லை எனவும், எடுகோள்களையும் முடிவுகளையும் மட்டுமே வாசித்ததாகவும் அவர் பிற்காலத்தில் ஒளிக்காமற் கூறியுள்ளார். களத்தை அறிந்தவர் ஒருவர், கணிதத்தை அறிந்தவர் மற்றொருவர் என்ற இப்பிரிவினையிலேயே பயனுறு குடித்தொகையின் முதல் மதிப்பீடுகள் பிறந்தன.

உயிர்கொல் விகாரங்களின் சாட்சி

1941ஆம் ஆண்டிலும் 1942ஆம் ஆண்டிலும் வெளிவந்த கட்டுரைகளில் இவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. சில பரம்பரையலகு விகாரங்கள், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒருங்கே வந்தால் ஈயைக் கொன்றுவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மறைந்திருக்கும். காட்டிற் பிடித்த ஈக்களின் மூன்றாம் நிறமூர்த்தங்களுள் ஏறத்தாழ 15 சதவீதம் இத்தகைய விகாரங்களைத் தாங்கியிருந்தன. ஒரே தோப்பிற் பிடித்த இரு ஈக்களின் உயிர்கொல் விகாரங்கள் ஒரேயிடத்துக்கு உரியவையா என்பதைக் கலப்புச் செய்து அறியலாம். கூட்டம் சிறிதாயின் ஈக்கள் நெருங்கிய உறவினவாயிருக்கும். ஒரே மூதாதையின் விகாரத்தைப் பலவும் பெற்றிருக்கும். கூட்டம் பெரிதாயின் அத்தகைய ஒற்றுமை அரிது. தூரத்து ஊர்களின் ஈக்களிடையே காணப்படும் ஒற்றுமை வீதத்தோடு இதனை ஒப்பிட்டால், மிகையான பங்கு உறவின் அளவைக் காட்டும். அதிலிருந்து பயனுறு தொகையை அனுமானிக்கலாம்.

ஒரே இடத்து ஈக்களிடையே ஒற்றுமை சற்று அதிகமாகவே காணப்பட்டது. எனவே கூட்டங்கள் எல்லையற்றவை அல்ல. எனினும் தேர்வை முற்றாக வெல்லுமளவுக்கு நகர்வு வலுப்பெறும் சிறு கூட்டங்களும் அல்ல. இம்முறையின் குறையையும் ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். காட்டிற் காணப்பட்ட உயிர்கொல் விகாரங்கள், அவை தோன்றும் வேகத்தை வைத்து எதிர்பார்க்கத்தக்க அளவிலும் குறைவாயிருந்தன. உறவுக்கலப்பு இதற்குக் காரணமாகலாம். அல்லது மறைந்திருக்கும் நிலையிலும் அவ்விகாரங்கள் சிறிதளவு தீங்கு விளைவித்தல் காரணமாகலாம். இரண்டாவது காரணம் உண்மையாயின் கணக்கின் அடித்தளமே மாறிவிடும். 1966ஆம் ஆண்டில் புறூஸ் வலஸ், கொலம்பியாவின் பொகோற்றாவில் மெலனோகாஸ்ரர் இனத்தை ஆராய்ந்து, பொறிகளுக்கிடையிலான தூரம் கூடக்கூட விகாரங்களின் ஒற்றுமை குறைவதைக் காட்டினார். கூட்டத்தின் எல்லை எது என்பது தீர்மானிக்கப்படாமல் அதன் தொகையைக் கூறவியலாது என்பது இதனாற் புலனாகின்றது.

செம்மஞ்சட் கண்ணும் வாழைப்பழமும்

எல்லையை அறியும் முயற்சியே அடுத்த கட்டமாகும். தொடர்ச்சியாகப் பரந்து வாழும் உயிரினத்தில், ஒரு தலைமுறையில் ஓர் உயிரி எவ்வளவு தூரம் பெயர்கின்றது என்பதையும் அப்பரப்பின் அடர்த்தியையும் கொண்டு 'அயல்' ஒன்றின் பருமனைக் கணிக்கலாம் என றைற் 1943ஆம் ஆண்டிற் காட்டினார். அதே ஆண்டில் அவரும் டொப்சான்ஸ்கியும், கலிபோணியாவின் சான் ஜசிந்தோ மலையில் நடத்திய பரிசோதனையை வெளியிட்டனர். செம்மஞ்சள் நிறக் கண்களையுடைய விகார ஈக்கள் ஓரிடத்தில் விடுவிக்கப்பட்டன. நாற்றிசையிலும் இருபது மீற்றருக்கு ஒன்றாக, புளித்த வாழைப்பழக் கூழ் இட்ட பொறிகள் வைக்கப்பட்டன. பின்வந்த நாட்களில் எப்பொறியில் எத்தனை செம்மஞ்சட் கண் ஈக்கள் அகப்பட்டன என எண்ணப்பட்டது. ஈக்கள் மெதுவாகவே பரவின. இதிலிருந்து, மலைக்காட்டின் ஈக்கள் ஓரளவு சிறிய அயல்களாக வாழ்கின்றன என்ற படிமம் உருவாயிற்று.

இம்முறைக்கு இயல்பான வரம்பொன்று உண்டு. பொறி இல்லாத இடத்துக்குச் சென்ற ஈ எண்ணப்படுவதில்லை. மேலும், ஆய்வுகூடத்தில் வளர்ந்த விகார ஈயின் பறப்பு, காட்டு ஈயின் பறப்புக்கு நிகராகுமா என்ற ஐயமும் எஞ்சி நின்றது.

பருவங்கள் கூறிய மறுப்பு

இதே காலத்தில் டொப்சான்ஸ்கியின் சொந்தக் களத்திலிருந்தே அவரது கருத்துக்கு மாறான சான்று கிடைத்தது. இவ்வீயின் மூன்றாம் நிறமூர்த்தத்தில் துண்டுகள் தலைகீழாகத் திரும்பிய பல ஒழுங்குகள் உண்டு. அவை தேர்வுக்கு உட்படாதவை எனவும், இடத்துக்கிடம் அவற்றின் வீதம் வேறுபடுவது நகர்வினாலேயே எனவும் அவர் முதலிற் கருதினார். ஆயின் சான் ஜசிந்தோவின் பின்யோன் பிளற்ஸ் என்னுமிடத்தில் மாதந்தோறும் ஈக்களைப் பிடித்து நோக்கியபோது, வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து கோடை வரை ஓர் ஒழுங்கின் வீதம் குறைவதும் மற்றொன்றின் வீதம் கூடுவதும், பின்னர் பழைய நிலை மீள்வதும் ஆண்டுதோறும் நிகழ்ந்தன. எழுமாற்று ஆண்டுதோறும் ஒரே பாதையிற் செல்லாது. 1943ஆம் ஆண்டில் இதனை வெளியிட்ட அவர், 1946ஆம் ஆண்டில் றைற்றோடு இணைந்து, ஆய்வுகூடக் கூடுகளில் வளர்த்த ஈக்களிலும் 25 பாகை வெப்பத்தில் இத்தகைய மாற்றம் நிகழ்வதைக் காட்டினார்.

நகர்வைத் தேடிச் சென்றவர் தேர்வைக் கண்டார், கண்டதை மறைக்கவுமில்லை. அவரது நூலின் பிந்திய பதிப்புகளில் தேர்வே மேலோங்கியது. 1947ஆம் ஆண்டில் பிஷரும் ஈ. பி. போட்டும், ஒக்ஸ்போட்டுக்கு அண்மையில் வாழ்ந்த ஓர் அந்துப்பூச்சிக் கூட்டத்தைக் குறியிட்டு எண்ணி, பரம்பரையலகு வீதத்தில் ஆண்டுக்காண்டு நேர்ந்த ஏற்ற இறக்கங்கள் அத்தொகைக்கு எழுமாற்றால் நேரக்கூடியதிலும் பெரியவை என வாதிட்டனர். றைற் மறுத்தெழுதினார். குடித்தொகை எண் என்பது அப்போது இரு கட்சிகளுக்கிடையிலான ஆயுதமாகவே மாறியிருந்தது.

பாலைவனமும் ஒலிவத் தோட்டமும்

எழுபதுகளில் காட்டு ஈக்களையே பிடித்து, ஒளிரும் தூள் தடவி மீண்டும் விடுவிக்கும் முறை பரவியது. டொப்சான்ஸ்கி தமது இறுதி ஆண்டுகளில் பவெல் என்னும் ஆய்வாளரோடு இக்களத்துக்கு மீண்டும் திரும்பினார். பழைய படிமத்தை உடைத்தது 1982ஆம் ஆண்டில் கொய்னும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவாகும். மரணப் பள்ளத்தாக்குப் பிரதேசத்தின் வெற்றுப் பாலையில் விடுவிக்கப்பட்ட ஈக்களுட் சில, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாலைவனச் சோலைகளில் அகப்பட்டன. உணவுள்ள காட்டில் ஈ தங்குகின்றது. உணவற்ற வெளியில் நெடுந்தூரம் பறக்கின்றது. தலைமுறைக்குச் சில ஈக்கள் இவ்வாறு வந்து கலந்தாலே தனித்தனிக் கூட்டங்கள் பிறப்புரிமை நோக்கில் ஒன்றாகிவிடும். சான் ஜசிந்தோவின் பொறிகள் பொய்யுரைக்கவில்லை. அவை தம் வரிசைக்கு உட்பட்டதையே கூறின.

இதனிடையே முற்றிலும் வேறான ஒரு முறை கிரேக்கத்தில் தோன்றியது. ஒலிவக் காயைத் துளைத்து அழிக்கும் ஈ, துரோசோபிலாவின் குடும்பத்தைச் சேராத, உண்மையான பழ ஈக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டில் கிறிம்பாசும் ற்சாகாசும், பூச்சிநாசினி விசிறப்பட்டபின் இவ்வீயின் நொதிய எதிருருக்களின் வீதம் மாறியிருப்பதைக் கண்டு, அம்மாற்றம் தேர்வாலா நகர்வாலா என வினவினர். நகர்வால் எனின் பயனுறு தொகை எவ்வளவாயிருந்திருக்க வேண்டும் எனக் கணித்தனர். இரு காலங்களில் மாதிரி எடுத்து, இடையில் நிகழ்ந்த அசைவிலிருந்து தொகையை அறியும் இம்முறையை 1981ஆம் ஆண்டில் நெய்யும் தாஜிமாவும் செம்மைப்படுத்தினர். இன்று மீன்கள் முதல் விலங்குகள் வரை இம்முறை பயன்படுகின்றது. கமக்காரனின் தோட்டத்தில் எழுந்த வினாவொன்று கோட்பாட்டை வளப்படுத்தியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மூலக்கூறுகளின் நீண்ட நினைவு

1966ஆம் ஆண்டில் லூவன்ரினும் ஹபியும் சூடோஒப்ஸ்கியூரா ஈயின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, எதிர்பாராத அளவு வேறுபாடு அவற்றில் இருப்பதைக் காட்டினர். 1968ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கிமுறா, மூலக்கூற்று மட்டத்து மாற்றங்களுட் பெரும்பாலானவை தேர்வுக்கு உட்படாதவை என்றார். அவ்வாறாயின், வேறுபாட்டின் அளவு பயனுறு தொகையையும் விகார வீதத்தையும் பெருக்கிய நான்கு மடங்காகும். 1983ஆம் ஆண்டில் கிறைற்மன், மெலனோகாஸ்ரர் ஈயின் ஒரு பரம்பரையலகின் பதினொரு பிரதிகளை எழுத்தெழுத்தாக வாசித்து, 43 இடங்களில் வேறுபாடு கண்டார். அவற்றுள் புரதத்தை மாற்றுவது ஒன்றே. புரதத்தை மாற்றாத இடங்களில் இவ்வினத்தில் நூற்றுக்கு ஒன்றளவில் வேறுபாடு உண்டு. விகார வீதம் தலைமுறைக்கு நூறு கோடியில் மூன்றளவாகும். இவற்றைச் சூத்திரத்தில் இட்டால் ஏறத்தாழ ஒரு மில்லியன் என்ற விடை கிடைக்கின்றது.

இவ்வெண் நீண்ட காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. ஆயின் அது எக்காலத்துக்குரிய எண் என்பதை நோக்குதல் வேண்டும். நடுநிலை வேறுபாடு திரள்வதற்கு இலட்சக்கணக்கான தலைமுறைகள் செல்லும். இடையில் நேர்ந்த ஒவ்வொரு சுருக்கமும் அதன் இசைச் சராசரியைக் கீழிழுக்கும். இனத்தின் நெடுங்கால நினைவே அவ்வெண். கோடானுகோடியாக வாழும் ஈயின் வேறுபாடு, தொகையிற் சிறிய உயிரினங்களின் வேறுபாட்டைவிடப் பெரிதும் மிகாதிருப்பது ஏன் என லூவன்ரின் 1974ஆம் ஆண்டில் எழுப்பிய புதிர் இன்றும் முற்றாக அவிழவில்லை.

2010ஆம் ஆண்டில் கரசோவ், மெசர், பெற்றோவ் ஆகியோர் இவ்வெண்ணுக்கு வேறொரு கோணத்திலிருந்து சவால் விடுத்தனர். சில பூச்சிநாசினிகளுக்கு எதிர்ப்பைத் தரும் விகாரங்கள், மெலனோகாஸ்ரர் ஈயில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியே தோன்றிப் பரவியிருந்தன. ஒரு மில்லியன் ஈக்களில் குறித்த ஓர் எழுத்து மாறுவதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். இவ்வளவு விரைவில் இத்தனை தடவை மாறியிருப்பின், தேர்வுக்கு முக்கியமான குறுங்காலத் தொகை நூறு மில்லியனுக்கும் மேற்பட்டதாதல் வேண்டும் என அவர்கள் கணித்தனர். 2014ஆம் ஆண்டில் பேர்க்லண்டும் கூட்டாளிகளும், பென்சில்வேனியாவின் பழத்தோட்டமொன்றில் பருவந்தோறும் ஈக்களைப் பிடித்து, அவற்றின் முழுப் பரம்பரைத் தொகுதியிலும் பல இடங்களின் வீதம் பருவத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டினர். பின்யோன் பிளற்சில் டொப்சான்ஸ்கி கண்டது எழுபது ஆண்டுகளின் பின் மீண்டும் காணப்பட்டது எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இவ்வாய்வாளர் யாவரும் ஒரே எண்ணைத் தேடினர் எனினும், அவர்களுடைய முறைகள் வெவ்வேறு எண்களையே அளந்தன என்பது தெளிவாகின்றது. உயிர்கொல் விகாரங்கள் ஒரு தோப்பின் சில தலைமுறை உறவை அளந்தன. வாழைப்பழப் பொறிகள் சில நாட் பறப்பை அளந்தன. ஒலிவத் தோட்டத்தின் இரு மாதிரிகள் அவற்றிடையே கழிந்த காலத்தை அளந்தன. மூலக்கூறுகள் இனத்தின் பழங்காலத்தை அளந்தன. எதிர்ப்புத்திறன் விகாரங்கள் மனிதன் நஞ்சு விசிறிய அரை நூற்றாண்டை அளந்தன. தற்செயலா தேர்வா என்ற பெரு விவாதத்திற் பங்குகொண்டோர், தம்முள் மாறுபட்டது ஈக்களின் தொகை பற்றியே எனக் கருதினர். அம்மாறுபாட்டின் கணிசமான பகுதி காலம் பற்றியதாயிருந்தது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் நுணுக்கமன்று. நெடுங்கால எண்ணை நம்பி, எதிர்ப்புத்திறன் தோன்ற நாட்செல்லும் எனக் கணிப்போன் தன் தோட்டத்தை இழக்க நேரிடும். குறுங்காலப் பெருக்கத்தைக் கண்டு, இவ்வினம் என்றும் பெருந்தொகையினது எனக் கொள்வோன், குளிர்காலத்தில் எஞ்சும் சிலவற்றைக் காணத் தவறுவான். எண்களைக் கையாளும் எவரும், அவை எக்காலத்தின், எப்பரப்பின், எவ்வினாவின் விடைகள் என்பதைக் கேட்டறிதல் அவசியம். வரலாற்று மாணவன் குடிமதிப்பு அறிக்கையிடம் கேட்கும் அதே கேள்வி, ஈயின் எண்ணிடமும் கேட்கப்படவேண்டியதாகும்.